பெக் பன்ஜங் பழக்கிய கொரியன்

பத்து மணி பத்து. தொழில் அலுவலகத்துப் பெண் அதிகாரி பதினொன்றுக்கு வருவா என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் இந்த நீலப் பிளாஸ்டிக் கதிரையில் நான் அசையாமல் இருக்க வேண்டும், வலது பக்கம் முதலாளி, இடது பக்கம் பெக் பன்ஜங், எதிரே மூடின கதவு, கதவுக்குப் பின்னால் கட்டிலில் தவேந்திரம் அண்ணை. அவருடைய வலது கையில் இப்போது பெருவிரல் மட்டும்தான் இருக்கிறது. மிச்சம் நாலும் நேற்றுப் பின்னேரம் மூன்று இருபதுக்குப் போய்விட்டன. நாலு. கொரியனில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே சொல், சா, எங்களுக்கும் அது சாதானே, அதற்குப் பயந்து இந்த ஆஸ்பத்திரி லிஃப்டில் நாலாம் மாடிக்கு இலக்கம் போடாமல் ஓர் இங்கிலிஷ் எழுத்தைப் போட்டிருக்கிறார்கள், எழுத்தைப் பார்த்து ஏமாந்து சாவு ஐந்தாம் மாடிக்குப் போய்விடும் என்று நினைத்தார்களோ தெரியாது. முதலாளி எழும்பிப் போய் மெஷினில் மூன்று கடதாசிக் கப்பில் கோப்பி எடுத்துக்கொண்டு வருகிறார். ஒன்றை என்னிடம் நீட்டுகிறார். என் இரண்டு கையும் தாமாகவே எழும்பி நீள்கின்றன, தலை தானாகவே குனிகிறது. மூத்தவர் தருவதை ஒற்றைக் கையால் வாங்கினால் மரியாதைக் குறைவு, இதைப் பழக எனக்கு இரண்டு அறை தேவைப்பட்டது, இரண்டே இரண்டு, மூன்றாவதுக்கு முன்னமே பழகிவிட்டேன். அண்ணை இனி எப்படி வாங்குவார். கோப்பி சுடுகிறது. சுடட்டும். இந்த வலது உள்ளங்கைதான். நேற்றிலிருந்து எட்டுத் தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன், அதில் ஒன்றும் இல்லை, ஒரு துளி ரத்தங்கூடப் படவில்லை, ஆனாலும் அவருடைய பிடரியின் சூடு அதில் ஒட்டியிருக்கிறது. காரில் வரும்போது முதலாளி முன் சீட்டில் இருந்து திரும்பாமலே சொன்னார், கஜா, நீ மூன்று வசனம் சொன்னால் போதும். கையை அவன்தான் உள்ளே விட்டான். சென்சர் வேலை செய்துகொண்டிருந்தது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. மூன்றும் சின்ன வசனம், இலக்கணம் லேசு, ஒரு மூச்சில் சொல்லலாம். தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் அந்த அலுவலகத்தில் இல்லை, டெலிபோனில் சிங்கள ஆள்தான் கிடைப்பார், அண்ணைக்குச் சிங்களமும் வராது, ஆகவே அவர் என்ன சொன்னாலும் அது என் வாயால்தான் வர வேண்டும். எனக்கு விசா இன்னும் மூன்று மாதம். நாலு வருடமும் பத்து மாதமும் முடிந்தால் ஊருக்குப் போய்த் திரும்பி வர முதலாளி கையெழுத்து வைக்க வேண்டும். கடதாசி மேசையில் இருக்கு, என்றார், பேனையும் இருக்கு. நான் ஓம் என்று தலையாட்டினேன். ஓம் என்பதற்கு இவர்களிடம் நே. அதை என்னைப் போலச் சுத்தமாகச் சொல்லும் வெளிநாட்டுக்காரன் எங்கள் ஃபக்டரியில் வேறு ஒருவனும் இல்லை.

கிளிநொச்சியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஆறு மாதம் படித்தேன், தகரக் கூரை, மத்தியானத்தில் மூளை உருகும். இகொசுன் முவொசிம்னிக்கா. இது என்ன. இது மேசை. இது கதிரை. இது சுத்தியல். எல்லாம் மரியாதையான வசனம், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கும்பிடு. பரீட்சையில் இருநூறுக்கு நூற்றெண்பத்தெட்டு. எனக்குக் கொரியன் தெரியும் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். முதல் நாள் ஃபக்டரியில் எண்பது தொன் பிரஸ் மெஷின் முதல் குத்துக் குத்தியதும் நான் நிலத்தில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன், பன்னிரண்டு வயதில் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் பழகின பழக்கம், உடம்பு மறக்கவில்லை. தலையைத் தூக்கினபோது எண்ணெய் ஊறின ஒரு சப்பாத்து. அதற்கு மேலே பெக். பன்ஜங் என்றால் எங்கள் பகுதிக்குத் தலைவன், மேற்பார்வைக்காரன். பேர் என்ன என்று கேட்டான். கஜரூபன் என்றேன். அவன் வாய்க்குள் அது நுழையவில்லை. கஜா, என்றான், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள், ஏனென்றால் கொரியனில் கஜா என்றால் போவோம் வா என்று அர்த்தம். அன்றிலிருந்து என் பேரை அவன் கூப்பிடுவதும் என்னை விரட்டுவதும் ஒரே சத்தம். பிறகு சொன்னான், பல்லி பல்லி. நான் கூரையைப் பார்த்தேன், பல்லியைத் தேடி. தலைத் தொப்பியில் ஸ்பானர் சாவியால் ஓர் அடி விழுந்தது, இரும்புச் சாவி, பன்னிரண்டு அங்குலம், மண்டைக்குள் கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. அப்படித்தான் பல்லி என்றால் கெதியாய் என்று படித்தேன். அடுத்தது செக்கி. மிருகத்தின் குட்டி, நாயின் குட்டி, மனிதனைப் பார்த்துச் சொன்னால் உன் தாய் யார் என்று கேட்பது. அதற்கு வயிற்றில் ஒரு குத்து. புத்தகத்தில் இல்லாத கொரியன் முழுவதும் இப்படித்தான் வந்தது, தோளில் ஒரு வினைச்சொல், முதுகில் ஒரு பெயர்ச்சொல், காதைத் திருகி ஒரு வேற்றுமை. மூன்று மாதத்தில் எனக்கு அறுநூறு சொல். அடித்தவனுக்கும் அது தெரியும். பார், என்றான் ஒருநாள் முதலாளியிடம், நான் பழக்கினது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குக் கீழே இலவச வகுப்பு இருந்தது. வெள்ளைத் தலைமயிர் ரீச்சர், கைவிரல் எல்லாம் சோக்குத் தூள். ஒருநாள் ஆசையைச் சொல்வது எப்படி என்று படிப்பித்தா. சிப்பொயோ என்று முடித்தால் ஆசை. வியட்நாம்காரன் சொன்னான், வீட்டுக்குப் போக ஆசை. நேபாளப் பெட்டை சொன்னாள், நித்திரை கொள்ள ஆசை. என் முறை வந்தது. என் வாய்க்குள் ஜுகிகோ சிப்பொயோ என்று வசனம் முழுசாக, பிழையில்லாமல், உருண்டு வந்து பல்லில் நின்றது. கொல்ல ஆசை. யாரை என்று ரீச்சர் கேட்டிருந்தால் செயப்படுபொருளையும் சரியான உருபோடு சேர்த்திருப்பேன். கிழமை முழுவதும் அதைத்தானே பயிற்சி செய்தேன், கொல்கிறேன், கொன்றேன், கொல்லுவேன், கொல்லவேண்டும், கொல்லாவிட்டால், மெஷினுக்கு முன்னால் நின்று தகட்டை வைத்து எடுத்து வைத்து எடுத்து ஒவ்வொரு குத்துக்கும் ஒரு காலம் மாற்றினேன். அவனுடைய தலையை அச்சுக்கு நடுவில் வைக்கிறேன், கன்னம் கீழ் அச்சில் படுகிறது, எண்ணெயில் வழுக்குகிறது, ஒரு கண் என்னைப் பார்க்கிறது, நான் இரண்டு கையாலும் பட்டனை அமத்துகிறேன், சத்தம் ஒன்று மட்டும், பிறகு ஒன்றும் இல்லை, பெட்டிக்குள் போட்டு அடுத்த தகடு. ஒரு நாளைக்கு மூவாயிரத்து இருநூறு தகடு. மூவாயிரத்து இருநூறு தரம் அவனைக் கொன்றேன். "கஜா, உங்களுக்கு என்ன ஆசை?" என்று ரீச்சர் மறுபடியும் கேட்டா. "சாப்பிட ஆசை," என்றேன். "என்ன சாப்பிட?" "சோறு." எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்போது அவன் எனக்கு இடது பக்கத்தில் இருந்து கோப்பியை ஊதி ஊதிக் குடிக்கிறான், முழங்கால் என் முழங்காலில் படுகிறது. இவனை நான் முழுக்க வெறுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இரண்டாம் வருடம் மார்கழியில் ஒரு காலை, நான் உடுப்பு மாற்றும்போது ஒரு சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து நீட்டினான். திறந்தால் கடற்பாசிச் சூப். பிறந்தநாளில் இங்கே அதுதான் குடிப்பார்கள். என் பாஸ்போட்டில் இருந்த திகதியைப் பார்த்து மனைவியிடம் சொல்லிச் செய்வித்திருக்கிறான். குடி செக்கி, என்றான். குடித்தேன், அழுதேன், அவன் வேறு பக்கம் பார்த்தான். அன்று மத்தியானமே தகடு ஒன்று கோணலாகப் போனதற்கு முழங்கையால் என் விலாவில் இடித்தான். ஓர் இரவுச் சாப்பாட்டில் சோஜுச் சாராயம் ஏறினதும் தன் இடது கையை என் கண்ணுக்கு முன்னால் விரித்தான், சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதி. அப்போது எனக்கு இருபத்தொரு வயது, என்றான், என்னைப் பழக்கினவன் கம்பியால் அடிப்பான், ஒருநாள் அவன் அடிக்கு விலகினேன், கை மெஷினுக்குள்ளே போய்விட்டது. அவனை என்ன செய்தாய் என்று கேட்டேன். பெக் விளங்காதது மாதிரிப் பார்த்தான். ஒவ்வொரு புது வருடத்துக்கும் பழப்பெட்டி கொண்டுபோய்க் கும்பிட்டு வருகிறேன், என்றான், அவர் இல்லாவிட்டால் எனக்குத் தொழில் ஏது. நான் தலையைத் திருப்பி, மூத்தவர் முன்னால் குடிக்கும் முறையில் கையால் மறைத்து, என் கிளாஸைக் குடித்தேன். அந்த மாதமே வெளிநாட்டு வேலைக்காரருக்கு என்னைப் பொறுப்பாக்கினான். தொப்பியில் சிவப்புக் கோடு. என் குரல் மாறினது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நேபாளக்காரன் ஒருவன் எனக்குப் பின்னால் என்னைப் போலவே கத்திக் காட்டினான், மற்றவர்கள் சிரித்தார்கள், நான் திரும்பிப் பார்த்தேன், அது என் குரலே இல்லை, பெக்கின் குரல், கடைசி எழுத்தை இழுத்துத் துப்புவது வரைக்கும்.

தவேந்திரம் அண்ணை போன சித்திரையில் வந்தார். முப்பத்தெட்டு வயது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பரீட்சை எழுதவே விட்டிருக்க மாட்டார்கள், இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் எல்லைக்கோட்டில் பாஸ். பரந்தனில் பேக்கரியில் பாண் போட்டவர், போறணைக்கு முன்னால் நின்று நின்று முகம் செம்பு மாதிரி. வந்த முதல் கிழமை அறையில் மாவைப் பிசைந்து ரொட்டி சுட்டுத் தந்தார், நாலு வருடத்துக்குப் பிறகு நான் கையால் பிய்த்துச் சாப்பிட்டேன். "தம்பி, இந்தப் பாஷை எனக்கு ஏறாது போல கிடக்கு," என்றார், "சொல்லுப் போய் நிக்கிற இடத்தில வேற ஒண்டு வந்து நிக்குது." "ஏறும் அண்ணை, கொஞ்சம் கொஞ்சமா ஏறும்," என்றேன். அறைக்குள் நான் அவருக்குத் தம்பி, அவர் எனக்கு அண்ணை. ஃபக்டரி வாசலைத் தாண்டினால் பேர் சுருங்கி அவர் தாபே, நான் சிவப்புக் கோடு. உள்ளங்கையில் நீலப் பேனையால் சொற்களை எழுதிக்கொண்டு வருவார், பத்து மணிக்குள் எண்ணெய் எல்லாவற்றையும் அழித்துவிடும், வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பெக் என்னிடம் கத்துவான், உன் ஆள் ஏன் மரம் மாதிரி நிற்கிறான் என்று. அண்ணையின் மெஷின் நின்றால் என் கணக்கில்தான் விழும். ஆடி மாதம் ஒரு சூடான நாள், எடு என்று கொரியனில் சொன்னேன், அவர் வைத்தார். எடு என்றேன். வைத்தார். மூன்றாம் தரம் என் கை போய்விட்டது, பிடரியில், பளார் என்று. அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வேறு எங்கோ பார்த்திருக்கிறேன், எங்கே, எங்கே என்று அன்று முழுவதும் தேடினேன், தேடாமல் இருக்கவும் தேடினேன். சண்டை முடிந்து எங்களை அடைத்த முகாமில் கம்பி வேலிக்கு முன்னால் வரிசை. துவக்கு வைத்திருந்த ஆமிக்காரன் அப்பாவைப் பார்த்து வாடிவென்ன என்றான். அப்பாவுக்குச் சிங்களம் விளங்காது, நின்றார். வாடிவென்ன. நின்றார், எனக்குப் பக்கத்தில், என் கையைப் பிடித்துக்கொண்டு. அவன் அறைந்தான். வாடிவென்ன என்றால் இரு என்று நான் அப்படித்தான் படித்தேன், பன்னிரண்டு வயதில், ஒரே அறையில், அதுவும் என் கன்னத்தில் விழாத அறையில். அப்பா சிரித்தார். எனக்கு நோகவில்லை பார் என்று மகனுக்குக் காட்டுகிற சிரிப்பு. பற்கள் தெரிந்தன, கண்ணில் ஒன்றும் இல்லை. அண்ணைக்கு அங்கே மகன் யாரும் இல்லை, ஊரில் இரண்டு பெட்டையள், பிறகு யாருக்கு அந்தச் சிரிப்பு. எனக்குத்தான். அடித்தவன் வெட்கப்படக் கூடாதென்று எனக்கு. அன்று அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன், அவர் முந்திக்கொண்டு, "என்ர பிழைதான் தம்பி, எடு எண்டதும் வை எண்டதும் எனக்கு ஒரே மாதிரிக் கேக்குது," என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பினேன். பிறகு அது பழகிவிட்டது. கிழமைக்கு ஒன்று, கிழமைக்கு மூன்று. அவருக்கும் சொற்கள் ஏறின. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கடவுளே, அவர் முதன்முதல் முழு வசனம் சொன்ன நாளில் பெக்கிடம் போய் நான் சொன்னேன், பார், நான் பழக்கினது.

பத்து ஐம்பது. ஒரு நேர்ஸ் கதவைத் திறந்து உள்ளே போகிறாள், திறந்த இடைவெளியில் ஒரு வெள்ளைப் பொட்டலம் தெரிகிறது, தலையணை அளவு, அதற்குள் கை. கதவு மூடுகிறது. நேற்றுப் பின்னேரம் மூன்று இருபது. நான் அவருக்குப் பின்னால் நிற்கிறேன். ஐந்து மாதமாக அந்த மெஷினுக்குச் சென்சர் இல்லை, கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்க வேண்டும், ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் நின்று வேலையைக் கெடுக்கிறது என்று பெக் வயரைக் கழற்றிச் சுருட்டி மெஷினுக்குப் பின்னால் தொங்கவிட்டான், இரண்டு கையாலும் அமத்துகிற பட்டனையும் கழற்றிக் கால் பெடல் போட்டான், முதலாளி வந்து பார்த்து நல்லது என்றார், நான்தான் வயரைப் பிடித்துக் கொடுத்தேன். தகட்டுத் துண்டு ஒன்று அச்சுக்குள் சிக்கியிருக்கிறது. அண்ணை இடுக்கியைத் தேடுகிறார், காணவில்லை. தூரத்தில் பெக் கத்துகிறான், கஜா. நான் அண்ணையைப் பார்த்துக் கத்துகிறேன், பல்லி பல்லி, செக்கியா. கொரியனில். தமிழனைப் பார்த்துக் கொரியனில், என்னை விடப் பன்னிரண்டு வயது மூத்த மனிதனைப் பார்த்து. அவர் கையை விடுகிறார். வலது கை உள்ளே. எனக்குத் தெரிகிறது, கை உள்ளே இருப்பது தெரிகிறது, நான் பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே என் கை ஓங்கிவிட்டது, நிற்பாட்ட ஏலும், ஏலாது, ஏலும், பிடரியில் விழுகிறது, அவர் துடித்துப் போகிறார், துடித்த உடம்பில் கால் ஊன்றுகிறது, கால் ஊன்றின இடத்தில் பெடல். அந்தச் சத்தம் வழக்கமான சத்தத்தை விடச் சின்னது. அதுதான் பயங்கரம். தகட்டுக்குக் கேட்கிற சத்தங்கூட அதற்குக் கேட்கவில்லை. அம்மா என்றார். அதற்கு ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை, சாப்பாட்டறைப் பெண் ஐகோ ஐகோ என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள், எங்கள் ஐயோவுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம். மெஷின் எழும்பினது. நான் பார்க்கவில்லை, பார்த்தேன், என் தொப்பியைக் கழற்றி அதற்குள் எடுத்துப் போட்டேன், ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவதில் எடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஐஸுக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். நசிந்துவிட்டது, ஒட்ட முடியாது என்று டொக்டர் சொன்னார், மரியாதையான கொரியனில்.

பெக் என் காதுக்குள் குனிகிறான், கோப்பி வாசமும் சிகரட் வாசமும். "நான் பார்த்தேன்," என்கிறான். "என்னத்தை?" "நீ அடித்ததை. நீ சென்சரைப் பற்றி வாய் திறந்தால் நான் உன் கையைப் பற்றி வாய் திறப்பேன். பொலிஸ் வரும். நீ ஜெயிலுக்குப் போய்ப் பிறகு ஊருக்குப் போவாய்." பிறகு, அதுதான் இவனுடைய விசித்திரம், என் முழங்காலைத் தட்டித் தட்டிச் சொல்கிறான், "ஒன்றும் நடக்காது. எனக்கும் இப்படித்தான் நடந்தது. ஆறு மாதத்தில் மறந்துபோம்." அவனுடைய பாதி விரல்கள் என் முழங்காலில். இந்தக் கதிரையைத் தூக்கி இவன் முகத்தில் அடிக்கலாம். கம்பிக் கால், நாலு கால். மூக்கு உடையும், பல் உடையும், வாய் நிறைய ரத்தத்தோடு பல்லி என்று சொல்லிப் பார் என்று கேட்கலாம். அடிக்கிற ஆசை எனக்குள் குதிக்கிறது, அதே இடத்தில், தோளுக்குக் கீழே, நேற்று மூன்று இருபதுக்குக் குதித்த அதே இடத்தில். அதே ஆசைதான். வேறு ஒன்றும் இல்லை. நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருக்கிறேன். லிஃப்ட் திறக்கிறது.

கறுப்புக் கோட்டுப் போட்ட சின்ன உருவம், தோளில் பை, முப்பது வயது இருக்கும். முதலாளி பாய்ந்து எழும்பிக் குனிகிறார். அவ என்னைப் பார்த்து, "நீங்கள்தான் மொழிபெயர்க்கப் போகிறீர்களா? உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறா. நீங்கள். புடவைக் கடைக்கு மேல்மாடியில் படித்த அதே கொரியன், நாலரை வருடத்தில் அது வகுப்புக்கு வெளியே என் பேரைக் கேட்டு வந்தது இதுதான் முதல் தரம். "கஜரூபன்," என்றேன். அவ அதை எழுத்துக் கூட்டி எழுதினா, இரண்டு தரம் கேட்டு, முழுப் பேரையும். "மற்றவர்கள் வெளியே இருங்கள்," என்றா. முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவ கதவை மூடிவிட்டா. உள்ளே மருந்து நெடி. அண்ணை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், சாம்பல் பூத்த முகம், இடது கையில் சேலைன் ஏறுகிறது. "வந்திட்டீரோ தம்பி. சாப்பிட்டீரோ?" என்றார். நான் தலையாட்டினேன். "நேற்று என்ன நடந்தது என்று அவரிடம் கேளுங்கள்," என்றா அதிகாரி. "அண்ணை, நேற்று என்ன நடந்ததெண்டு கேக்கிறா." அவர் முகட்டைப் பார்த்தார். "என்னத்தைச் சொல்ல. கை வழுக்கிப் போச்சு. என்ர பிழைதான். வேற ஒருத்தரும் காரணமில்லை எண்டு சொல்லும்." "அண்ணை." "சொல்லும் தம்பி. உமக்கு மூண்டு மாதந்தானே கிடக்கு. எனக்கு இனி என்ன, போனது போட்டுது." அதிகாரி பேனையோடு காத்திருந்தா. மூன்று வசனமும் நாக்கில் வரிசையாக நின்றன, அவர் தந்த சொற்களும் அவைதான், நான் பொய் சொல்லவே தேவையில்லை, அவர் சொன்னதை அப்படியே மாற்றினால் அது நேர்மையான மொழிபெயர்ப்பு. வாயைத் திறந்தேன். "சென்சரை ஐந்து மாதத்துக்கு முன்னம் கழற்றினார்கள்," என்று என் குரல் சொன்னது, "வயர் இன்னும் மெஷினுக்குப் பின்னால் தொங்குகிறது. பட்டனைக் கழற்றிப் பெடல் போட்டார்கள். பெக் பன்ஜங் கழற்றினார், முதலாளி பார்த்தார், நான் பிடித்துக் கொடுத்தேன். நேற்று இவருடைய கை உள்ளே இருக்கும்போது நான் பின்னால் இருந்து பிடரியில் அடித்தேன். அதனால் கால் பெடலில் பட்டது. ஆடி மாதத்திலிருந்து அடிக்கிறேன்." பேனை பாதியில் நின்றது. அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. "இது அவர் சொன்னதா, நீங்கள் சொல்வதா?" "நான் சொல்வது." "அவர் என்ன சொன்னார்?" "தன்னுடைய பிழை என்று சொன்னார்." "ஏன் அப்படிச் சொன்னார்?" என்ன சொல் போடுவது, கொரியனிலும் தேடினேன், தமிழிலும் தேடினேன். "என்னில் இரக்கம்," என்றேன். அவ பழைய தாளைப் புரட்டி விட்டுப் புதுத் தாள் எடுத்தா, மெதுவாக, ஒவ்வொன்றாக மறுபடியும் கேட்டா, எத்தனையாம் திகதி, எந்த மெஷின், எந்தக் கை. இந்தக் கை என்று காட்டினேன். கையெழுத்து வைத்தேன். "இவருக்கு வேறு மொழிபெயர்ப்பாளரை நாளைக்கு எப்படியாவது கொண்டுவருவேன்," என்றா, "உங்களைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்ல முடியாது." பிறகு வெளியே போனா. கதவுக்கு அந்தப் பக்கம் அவவுடைய குரல், மெஷினை இப்போதே பார்க்க வேண்டும், யாரும் ஃபக்டரிக்கு டெலிபோன் எடுக்கக் கூடாது. முதலாளியின் குரல் முதலில் பெரிதாக, பிறகு சின்னதாக. கதவு ஒருதரம் திறந்தது. பெக். "செத்தாய் நீ," என்றான் என்னிடம். பிறகு அவனுடைய கண் அந்த வெள்ளைப் பொட்டலத்தில் போய் விழுந்தது, கொஞ்ச நேரம் அதிலேயே நின்றது, தன் இடது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

"என்ன இவ்வளவு நேரம் கதைச்சனீர்?" என்று அண்ணை கேட்டார். "நான் சொன்னது ஒரு வரிதானே." நான் சொன்னேன். தமிழில் சொல்ல அது இன்னும் நேரம் எடுத்தது. அவர் இடையில் ஒன்றும் கேட்கவில்லை, கடைசியில், "அப்ப உமக்கு விசா?" என்றார். "இல்லை அண்ணை." "பொலிஸ் வருமோ?" "வரும் போல." "உம்மட அம்மாவுக்கு ஆர்?" அவருடைய தாடை அசைந்தது. "கிட்ட வா," என்றார். ஏதோ காதுக்குள் சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். சேலைன் ஊசி குத்தியிருந்த இடது கை எழும்பி என் கன்னத்தில் விழுந்தது, கட்டிலில் படுத்திருக்கிற மனிதனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பலமாக. சேலைன் தாங்கி ஆடியது, குழாய்க்குள் ரத்தம் ஒரு சாண் ஏறியது. "மடையா," என்றார், "நான் ஒண்டு சொன்னா நீ ஒண்டு சொல்லுவியோ." மூச்சு வாங்கினார். "கிட்ட வா." நான் விலகவில்லை. இரண்டாவது காதில் விழுந்தது. "இது நேற்றைய அடிக்கு." மூன்றாவதுக்குக் கையை ஓங்கினார், ஓங்கின கை அந்தரத்தில் நின்றது, பிறகு என் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்து அமத்தினார், நோகிற பிடி, "என்ர விரல்," என்றார், "என்ர விரல் எல்லாம் போட்டுதடா," நேற்றிலிருந்து அழாத மனிதன் சத்தம் போட்டு அழுதார், அவருடைய நெஞ்செலும்பு என் நெற்றியில் இடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாப்பாடு கொண்டுவருகிற பெண் தட்டோடு வந்து, எங்களைப் பார்த்து, தட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். சோறு, முள்ளங்கிச் சூப், இரும்புக் குச்சி ஒரு சோடி, ஒரு கரண்டி. அண்ணை மூக்கை இடது தோளில் துடைத்தார். "பசிக்குது," என்றார். "தீத்து." நான் கட்டிலின் விளிம்பில் இருந்து கரண்டியால் சூப்பை அள்ளினேன், ஊதினேன், பாதி அவருடைய நாடியில் வழிந்தது, துடைத்துவிட்டு மிச்சத்தை வாயில் வைத்தேன். அவர் விழுங்கினார். முகத்தைச் சுழித்தார். "உப்புக் காணாது," என்றார், மறுபடியும் வாயைத் திறந்தார்.